வாத்தியாரின் முதல் வேலை

திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போனால், தியாகராஜரைக் கும்பிட்ட கையோடு ஒரு நிமிஷம் நில்லுங்கள். சோழர் காலத்தில் அங்கே ஒரு வகுப்பறை இருந்தது. பெயர், வியாகரண தான வியாக்யான மண்டபம். பாடம், பாணினியின் சம்ஸ்கிருத இலக்கணம். வாத்தியார், மாணவர் செலவுக்கென்று நிலமே எழுதி வைத்தார்கள். கல்வெட்டிலேயே இருக்கிறது. அதாவது, வாத்தியாருக்குப் பாடம்தான் முதல் வேலை. சாப்பாட்டுக் கவலை நிலத்தின் பாடு.

2009 கல்வி உரிமைச் சட்டமும் ஆசிரியரை வேறு வேலைக்கு அனுப்பாதே என்கிறது. கூடவே மூன்று விலக்கு: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். மூன்றுமே காத்திருக்கிற சமாச்சாரம் இல்லை. காத்திருப்பது யார்? கணக்கு வராத கடைசி பெஞ்சுப் பையன். அவனுக்கான அரைமணி நேரம்தான் 'நாளைக்குப் பார்க்கலாம்' ஆகிறது.

அடுத்த முறை டீச்சரைச் சோம்பேறி என்று திட்டுமுன், அவர் மேஜையில் வேலையை அடுக்கியது யார் என்று பாருங்கள்.