தொர்னபுவோனி வீதியும் நீதியின் தராசும்

ஒரு நகரத்தின் உள்ளத்தை அறிய வேண்டுமாயின் அதன் ஆலயத்தையும் பார்க்க வேண்டும். அதன் அங்காடியையும் பார்க்க வேண்டும். ஆலயத்தில் அம்மக்கள் எதை வேண்டினர் என்பது தெரியும். அங்காடியில் அவர்கள் எதை விரும்பினர் என்பது தெரியும். இவ்விரண்டும் ஒரே வீதியில் எதிரெதிரே நின்று, பல நூற்றாண்டுகளாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்குமாயின், அவ்வீதியின் வரலாறு நம் சிந்தனைக்கு விருந்தாகும்.

இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரிலுள்ள தொர்னபுவோனி வீதி அத்தகையது. ஆர்னோ ஆற்றின்மீது அமைந்த தூய மூவொரு கடவுள் பாலத்தில் தொடங்கி, அந்தினோரி மாளிகையின் முற்றம்வரை செல்லும் இவ்வீதியைச் சில நிமிடங்களில் நடந்து கடந்துவிடலாம். இருபுறமும் உலகப் புகழ்பெற்ற ஆடை, காலணி, அணிகலன் கடைகள். அவற்றின் கண்ணாடிப் பேழைகளில் இருப்பவற்றை வாங்குவோர் சிலர். பார்த்துச் செல்வோர் பலர். இந்தப் பளபளப்புக்கு அடியில் எத்தனை அடுக்கு வரலாறு உள்ளது என்பதை எண்ணிப் பார்ப்போம்.

மதிலோரத்துத் தச்சர்கள்

உரோமையர் நிறுவிய புளோரன்ஸ் குடியிருப்பின் மேற்கு மதில் ஓடிய வழியே இன்றைய வீதி செல்கிறது. அந்நாளில் இது ஊருக்கு வெளியே, மதிலின் வெளிப்புறத்தில் கிடந்த இடம். 12-ஆம் நூற்றாண்டில் நகர் வளர்ந்து புதிய மதில் எழுந்தபோதுதான் இது ஊருக்குள் வந்தது. அக்காலத்தில் வீதியின் ஒரு பகுதிக்கு ‘மரவேலை செய்வோரின் அகன்ற தெரு’ என்று பெயர். இன்று பட்டும் தோலும் மணக்கும் இவ்விடத்தில் அன்று மரத்தூள் மணந்தது. புனித சூசையப்பரின் தொழிலைச் செய்தவர்களே இவ்வீதிக்கு முதற்பெயர் தந்தவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

தச்சரை அடுத்து வட்டிக்கடைக்காரர் வந்தனர். 1289-இல் ஆற்றங்கரையோரம் ஸ்பீனி குடும்பத்தார் கோட்டை போன்றதொரு மாளிகையை எழுப்பினர். இக்குடும்பத்தின் ஜேரி ஸ்பீனி, திருத்தந்தை எட்டாம் போனிப்பாசின் பணப்பரிமாற்றங்களைக் கவனித்தவர். செல்வம் பெருகியபோது பகையும் பெருகியது. 1300-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று மாளிகையின் முன்னுள்ள முற்றத்தில் பெண்கள் வசந்த விழா நடனம் ஆடிக்கொண்டிருந்தனர். வேடிக்கை பார்க்க வந்த இரு செல்வக் குடும்பங்களின் இளைஞர்கள் மோதிக்கொண்டனர். ஒருவனுடைய மூக்கு அறுபட்டது. அந்த ஒரு மூக்கிற்காக நகரமே ‘வெள்ளையர்’, ‘கறுப்பர்’ என இரு கட்சிகளாகப் பிளவுண்டது. அப்பகையின் தொடர்ச்சியாகவே 1302-இல் மாபெரும் கவிஞர் தாந்தே நாடுகடத்தப்பட்டார். பின்னர் அவர் தம் ஊரைக் காணாமலே மறைந்தார்.

இதே முற்றத்தில்தான் தூய மூவொரு கடவுள் ஆலயம் நிற்கிறது. இது புனித ஜான் குவால்பெர்த் 11-ஆம் நூற்றாண்டில் நிறுவிய வல்லொம்பிரோசா சபைத் துறவியரின் ஆலயம். இவர் துறவு பூண்ட கதை புளோரன்சு மக்களுக்கு மனப்பாடம். தம் உறவினரைக் கொன்றவனை ஒரு பெரிய வெள்ளிக்கிழமையன்று ஒடுங்கிய பாதையொன்றில் எதிர்கொண்டார். கையில் வாள், தப்பியோட வழியில்லை. பகைவன் சிலுவை வடிவில் கைகளை விரித்து இரக்கம் கேட்டான். வாள் தாழ்ந்தது. மன்னித்துவிட்டு ஆலயம் சென்று செபித்தபோது, பாடுபட்ட ஆண்டவரின் திருவுருவம் தலையசைத்தது என்பது மரபு. அத்திருச்சிலுவை 1671-இல் இவ்வாலயத்திற்குக் கொண்டுவரப்பட்டது. மூக்கறுத்த பகை வெளியே முற்றத்தில்; வாளைத் தாழ்த்திய மன்னிப்பு உள்ளே ஆலயத்தில். இடையில் இருப்பது ஒரு வாயிற்படி மட்டுமே.

கட்டியவர் சென்றார், கல் நின்றது

வீதிக்குப் பெயர் தந்த தொர்னபுவோனி குடும்பத்தாரின் பழைய பெயர் தொர்னக்வின்ச்சி. 1293-இல் இயற்றப்பட்ட சட்டம் பெருங்குடி மக்களை நகராட்சிப் பதவிகளிலிருந்து விலக்கியது. ஆகவே 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்குடும்பத்தின் ஒரு கிளையினர் பெயரை மாற்றிக்கொண்டு பொதுமக்களுள் ஒருவராயினர். பதவிக்காகப் பெயரை மாற்றுவது இக்காலத்துக்கு மட்டும் உரியதன்று! மெதிச்சி குடும்பத்தாரோடு மணவுறவு கொண்டு, அவர்களது வங்கியின் உரோமைக் கிளையை நடத்தி, இவர்கள் பெருஞ்செல்வராயினர். ஆயினும் அரசியல் திசைமாறிய 1497-இல், நாடுகடத்தப்பட்ட மெதிச்சியரை மீண்டும் கொணரச் சதி செய்ததாக இளைஞர் லொரென்சோ தொர்னபுவோனி தலை வெட்டப்பட்டார்.

வீதியின் நடுப்பகுதியில் மலைபோல் நிற்பது ஸ்ட்ரோஸி மாளிகை. பிலிப்போ ஸ்ட்ரோஸி அரசியல் பகையால் நாடிழந்து, நேப்பிள்சில் பொருளீட்டி, 1466-இல் ஊர் திரும்பியவர். நகரிலேயே பெரிய மாளிகையை எழுப்ப விரும்பிச் சோதிடரிடம் நாள் குறித்து, 1489 ஆகஸ்டு 6-ஆம் நாள் அடிக்கல் நாட்டினார். இதற்குச் சாட்சியாக எதிரே மருந்துக்கடை வைத்திருந்த லூக்கா லாந்துச்சி என்பவர் எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்துள்ளது. பழைய வீடுகளை இடித்த புழுதி, குவிந்து கிடந்த கல், வழியை அடைத்த கழுதைகள், தம் வணிகத்திற்கு நேர்ந்த இடைஞ்சல் ஆகியவற்றை அவர் சலிப்போடு எழுதியுள்ளார். பெரியோர் மாளிகை கட்டும்போது எளியோர் கடையில் விழும் புழுதியை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஒரு மருந்துக்கடைக்காரர் எழுதிவைத்தார்.

நல்ல நாள் பார்த்துத் தொடங்கிய பிலிப்போ இரண்டே ஆண்டுகளில், 1491-இல், இறந்தார். மாளிகைக்கு மனிதன் தலைவனா, மனிதனுக்கு மாளிகை தலைவனா என்னும் பொருள்பட லாந்துச்சி அப்போது தம் குறிப்பில் வியந்துகொண்டார். மாளிகை 1538-இல் ஏறக்குறைய நிறைவுற்றது. அதே ஆண்டில் அவர் மகன் இளைய பிலிப்போ, கோசிமோ மெதிச்சியின் சிறையில் உயிர்நீத்தார். அறிவில்லாச் செல்வனின் களஞ்சியத்தைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமை நமக்கு நினைவுக்கு வருகிறது.

வங்கியாளரும் ஏழைப் புனிதரும்

மூவொரு கடவுள் ஆலயத்தினுள் ஒரு சிற்றாலயம் உண்டு. அதை அணி செய்வித்தவர் மெதிச்சி வங்கியின் பொது மேலாளராக விளங்கிய பிரான்செஸ்கோ சாஸெத்தி. தம் பெயருக்குக் காவலரான அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் வாழ்வைச் சுவரோவியங்களாகத் தீட்ட அவர் விரும்பினார். தொமினிக் சபையாரின் ஆலயத்தில் அவ்விருப்பம் நிறைவேறாமற்போகவே இங்கு வந்தார். தீட்டியவர் தொமெனிக்கோ கிர்லாந்தாயோ. இவருடைய பெயரே கடைவீதியில் பிறந்ததுதான். பொற்கொல்லரான தந்தை பெண்களின் கூந்தலுக்கு மாலை போன்ற அணிகள் செய்து புகழ்பெற்றமையால் ‘மாலைக்காரர்’ என்று பொருள்படும் இப்பெயர் வந்தது.

துணி வணிகரின் மகனாய்ப் பிறந்து, தந்தையின் முன் உடுத்த உடையையும் களைந்து தந்த ஏழையின் வரலாற்றை, வட்டியிலும் பணமாற்றிலும் வாழ்ந்தவர் தீட்டச் செய்தது வியப்பன்றோ? கடனுக்கு வட்டி வாங்குவது பாவம் எனத் திருச்சபை கற்பித்த காலம் அது. உறுத்தும் மனச்சான்றோடு செல்வர் ஆலயங்களுக்கு வாரி வழங்கினர். அது தவமா, தற்பெருமையா என்று நாம் தீர்ப்பிட வேண்டுவதில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடும்.

அங்குள்ள ஓவியங்களுள் ஒன்று நம்மை நிறுத்திவைக்கிறது. சன்னலிலிருந்து விழுந்து இறந்த சிறுவனைப் புனித பிரான்சிஸ் உயிர்ப்பிக்கும் புதுமை அது. உரோமையில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அதனை ஓவியர் இந்த வீதியின் முற்றத்திலேயே நிகழ்வதாகத் தீட்டினார். ஒருபுறம் ஸ்பீனி மாளிகை, மறுபுறம் அதே ஆலயம், தொலைவில் ஆற்றுப்பாலம். நடுவே பாடையில் எழுந்து அமரும் குழந்தை. சாஸெத்தி தம் மூத்த மகன் தெயோதோரோவை இழந்தவர். பின்னர் பிறந்த மகனுக்கும் ‘கடவுளின் கொடை’ எனப் பொருள்படும் அதே பெயரை இட்டவர். வங்கியின் கணக்கேடுகளில் எழுத முடியாத இழப்பும் வரவும் இச்சுவரில் எழுதப்பட்டுள்ளன. 1485-இல் பணி முடிந்தது. 1490-இல் அவர் மறைந்தார். 1494-இல் மெதிச்சி வங்கியே வீழ்ந்தது. ஓவியம் நிற்கிறது.

இவ்வணிகர்களின் மனச்சான்றை உலுக்கியவருள் தலையாயவர் புளோரன்சின் பேராயர் புனித அந்தோனினுஸ். 1446 முதல் 1459 வரை பேராயராயிருந்த இவர் வணிகத்தை வெறுத்தவரல்லர். நேரிய இலாபம் தகும் என்றவர். ஆனால் துணி முதலாளிகள் நெசவாளருக்குக் கூலியை நல்ல நாணயமாகத் தராமல் தேய்ந்த காசாகவும் சரக்காகவும் தருவதைப் பாவம் என வெளிப்படையாக எழுதினார். ஆயராவதற்கு முன்பே, 1442-இல், ‘புனித மார்த்தினின் நல்லோர்’ என்னும் பன்னிருவர் குழுவை நிறுவினார். கையேந்த நாணும் ஏழைகளை நாடிச் சென்று, பிறர் அறியாமல் உதவுவதே அக்குழுவின் பணி. வேலையிழந்த நெசவாளர் மட்டுமல்லாது, அரசியல் சூறாவளியில் வீழ்ந்த பெருங்குடியினரும் உதவி பெற்றனர். கைப்பணம் தீர்ந்தால் வாயிலில் ஒரு மெழுகுதிரி ஏற்றுவார்கள். அதைக் கண்டோர் கொடுப்பார்கள் என்பர். அந்தக் குழு இன்றும் வாழ்கிறது.

எட்டாத உயரத்தில் நீதி

முற்றத்தின் நடுவே உயர்ந்து நிற்கும் தூண், உரோமையில் கரக்கால்லா மன்னனின் நீராட்டு மண்டபத்தில் இருந்தது. திருத்தந்தை நான்காம் பத்திநாதர் கோசிமோ மெதிச்சிக்கு 1560-இல் இதை வழங்கினார். கோசிமோ தன் வெற்றியின் நினைவாக நிறுத்தினான்; 1581-இல் அதன் உச்சியில் செந்நிறக் கல்லாலான நீதித்தாயின் சிலை ஏற்றப்பட்டது. அவன் வென்ற பகைவருள் முதன்மையானோர் ஸ்ட்ரோஸி குடும்பத்தார். அவர்களது மாளிகை சில அடிகள் தள்ளி நிற்கிறது. வென்றவன் நிறுத்திய நீதி எப்போதும் வென்றவன் பக்கமே பார்க்கும் போலும்!

இச்சிலையைப் பற்றி ஒரு நாட்டுக் கதை வழங்குகிறது. செல்வர் வீட்டுப் பணிப்பெண்ணொருத்தி முத்துமாலை திருடியதாகப் பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். பின்னர் ஒரு நாள் இடி விழுந்து சிலையின் தராசுத் தட்டு உடைந்தது. அதிலிருந்து விழுந்த பறவைக் கூட்டில் அம்மாலை கிடந்தது. சிலம்பின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. கதை நடந்ததோ இல்லையோ, மக்கள் இதைச் சொல்லிவந்தனர் என்பதே ஒரு சாட்சியம். நீதி மிக உயரத்தில் இருந்தால், அதன் தட்டில் பறவை கூடு கட்டும். ஏழையின் குரல் அங்கு ஏறாது.

பாலமும் காலணியும்

1557-இல் வெள்ளம் அடித்துச் சென்ற பாலத்தின் இடத்தில் அம்மன்னாத்தி என்னும் கலைஞர் கட்டிய அழகிய பாலத்தை, 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய செருமானியப் படை தகர்த்தது. புளோரன்சு மக்கள் ஆற்றிலிருந்து பழைய கற்களை எடுத்து, பழைய வடிவிலேயே 1958-இல் மீண்டும் கட்டினர். பாலத்தின் மூலையில் நிற்கும் ‘வசந்தம்’ என்னும் சிலையின் தலை மட்டும் கிடைக்காமலிருந்தது. 1961-இல் ஆறே அதைத் திருப்பித் தந்தது. 1966 நவம்பர் 4-ஆம் நாள் அதே ஆறு பெருகி நகரைச் சேற்றில் ஆழ்த்தியபோது, பல நாடுகளின் இளைஞர்கள் வந்து சேறு அள்ளினர். இடித்தவரையும் எடுத்தவரையும் இவ்வூர் ஒருங்கே கண்டது.

ஸ்பீனி மாளிகையை 1938-இல் வாங்கியவர் ஒரு காலணித் தொழிலாளி. நேப்பிள்சுக்கு அப்பால் பொனீத்தோ என்ற சிற்றூரில் 1898-இல் பதினான்கு பிள்ளைகளுள் பதினொன்றாமவராய்ப் பிறந்த சல்வத்தோரே பெராகமோ அவர். ஒன்பது வயதில், புதுநன்மை வாங்கவிருந்த தம் சகோதரிக்கு நல்ல காலணி வாங்க வழியில்லாத வீட்டில், இரவோடிரவாகத் தாமே வெண்காலணி தைத்துக் கொடுத்தார். அமெரிக்கா சென்று திரைப்பட நடிகையருக்குக் காலணி செய்து புகழ்பெற்றார். கால் ஏன் வலிக்கிறது என்றறிய உடற்கூற்றியலும் பயின்றார். 1927-இல் புளோரன்சு வந்து, 1933-இல் திவாலாகி, மீண்டும் எழுந்தார். போர்க்காலத் தட்டுப்பாட்டில் தோலும் எஃகும் கிடைக்காதபோது தக்கையால் குதிகால் அமைத்தார். தச்சர் தொடங்கிய வீதியில் ஒரு கைவினைஞர் மாளிகைக்குரியவரானது நமக்கு மகிழ்வூட்டுகிறது. அந்தப் பளிங்குத் தளத்தின் அடியில் ஒரு புதுநன்மைக் காலணி கிடக்கிறது.

தைத்த கைகள்

ஆயினும் வரலாறு இந்த இனிய கதையோடு முடியவில்லை. புளோரன்சின் அண்டை நகர் பிராத்தோ, துணித்தொழிலுக்குப் பெயர்பெற்றது. 2013 டிசம்பர் முதல் நாள் அங்கே ஓர் ஆடைத் தொழிற்கூடம் தீப்பற்றியது. உழைத்த இடத்திலேயே உறங்கிய சீனத் தொழிலாளர் ஏழு பேர் இறந்தனர். 2015 நவம்பர் 10-ஆம் நாள் பிராத்தோ வந்த திருத்தந்தை பிரான்சிஸ் அந்த எழுவரையும் நினைவுகூர்ந்தார். அன்றே புளோரன்சிலும் மக்களைச் சந்தித்தார். இதற்காக தொர்னபுவோனி வீதிக் கடைகளைக் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. எனினும் புனித அந்தோனினுஸ் தேய்ந்த காசைப் பற்றி எழுப்பிய கேள்வி, ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தேயாமல் இருக்கிறது என்பதை மறுக்க இயலுமோ?

அழகிய பொருளைச் செய்வது பாவமன்று. அதை விரும்புவதும் பாவமன்று. கிர்லாந்தாயோவின் ஓவியமும், அம்மன்னாத்தியின் பாலமும், பெராகமோவின் காலணியும் மனிதக் கைகளுக்கு இறைவன் ஈந்த திறமையின் சான்றுகள். ஆனால் பொருளைப் பார்க்கும் கண், அதைச் செய்த கையைப் பார்க்கத் தவறும்போது அங்காடி கண்ணிழக்கிறது. தொர்னபுவோனி வீதியில் ஆலயக் கதவு கடைகளின் கண்ணாடிக்கு எதிரேதான் திறந்திருக்கிறது. நம் ஊர்களின் கடைவீதிகளில் திருவிழாவுக்குப் புத்தாடை எடுக்கும் நாமும், விலையைக் கேட்கும் வாயால், தைத்தவருக்குக் கூலி கிடைத்ததா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். உயரத்தூணில் ஏற்றப்பட்ட நீதி தரைக்கு இறங்கிவர அதைவிட எளிய படி வேறில்லை.