சந்திரன், அமெரிக்கா வருசம்

மலேசியாவின் தானா ராத்தாவுக்குக் கீழே, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் கிடைத்தது அந்தப் படம். பதினொரு காற்பந்து ஆட்டக்காரர்கள், நடுவில் கிண்ணம், பின்னால் தேயிலைச் சரிவு. மறுபக்கம் பென்சிலில்: “கிண்ணம் எடுத்தது. சந்திரன், அமெரிக்கா வருசம்.”

பார்த்தவர்கள் 1969 என்றார்கள். ஆம்ஸ்ட்ராங் நிலாவில் இறங்கிய ஆண்டு, வேறென்ன? குழுத் தலைவரின் மனைவியான பாட்டி ஒப்பவில்லை. “எங்க வீட்டுக்காரரு நெலாவையா எழுதுவாரு? பந்து ஒதைச்சவரு தம்பி.”

இந்த மலையில் போ தோட்டத்தை 1929இல் தொடங்கியவர் ஜே. ஏ. ரசல். அந்தக் காலத்துத் தொழிலாளர் இலாகா அறிக்கைகளில் கூலி உண்டு, மலேரியா உண்டு, கள்ளுக்கடைகூட உண்டு. ஞாயிற்றுக்கிழமை யார் கோல் போட்டார் என்பது துரைமார் கணக்கில் வராது. டிரங்குப் பெட்டிகளைத்தான் நம்ப வேண்டும்.

பாட்டியின் பெட்டியில் இன்னொரு படம் இருந்தது. ஸ்டூடியோ முத்திரையில் 1970. கிண்ணப் படத்தில் இல்லாத இருவர் இதில் நிற்கிறார்கள். பள்ளி விட்ட நாள் முதல் குழுவில் ஆடியவர்கள். “ரெண்டு பேருக்கும் செவப்பு ஐசி. பெர்மிட் கெடைக்கல. ரஜூலா கப்பல் ஏறிட்டாங்க.” சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமாகி, பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் ஊர் திரும்பிய காலம் அது. ஆக, கிண்ணம் 1970க்குப் பிந்தியது. நிலா கழன்றது.

மிஞ்சியவர் எம். சந்திரன், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் காற்பந்துக் குழுவின் தலைவர். அதற்கு முந்தைய ஆண்டு சியோலில் ஜப்பானை 3–0, கொரியாவை அதன் சொந்த மண்ணிலேயே 1–0 என்று வென்று தகுதி பெற்ற குழு. 1972 ஆகஸ்ட் 29, இங்கோல்ஸ்டாட் நகரம்: மலேசியா 3, அமெரிக்கா 0. அமெரிக்கர் பலர் கல்லூரிக் குழுக்களில் ஆடியவர்கள். கோல் காவலர்களில் ஒருவரான ஷெப் மெசிங் ஹார்வர்டில் படித்தவர்.

ஊகம் போதாது. மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்த கணவரின் சட்டைப்பைக் குறிப்பேட்டைப் பாட்டி கடைசியில்தான் எடுத்துத் தந்தார். பக்கம் முழுக்கக் கொழுந்து எடை, ராத்தல் கணக்கில். ஓரங்களில்தான் ஆட்டம். “1–1. கோலி கை சுளுக்கு.” “மழை. ஆட்டம் இல்ல.” “லோரி வரல, நடந்து போனோம். 4–0.” எதிரணிகளுக்குத் தோட்டப் பெயரின் முதலெழுத்து மட்டும். ஒரு முழுப் பருவமே இப்படி எடைக் கணக்கின் விளிம்பில் ஓடியிருக்கிறது. விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவர்கள்கூட இவ்வளவு சிக்கனமாக எழுத மாட்டார்கள். ஆண்டு மட்டும் எங்கும் இல்லை.

ஒரு வரி போதுமானதாக இருந்தது: “செப். 3, ஞாயிறு. பைனல். 2–1.” செப்டம்பர் 3 ஞாயிறாக விழுந்தது 1967, 1972, 1978 ஆகிய ஆண்டுகளில். 1967 ஏற்கெனவே தள்ளுபடி. 1978க்குள் மனிதர் வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டார். இங்கோல்ஸ்டாட் வெற்றிக்கு ஐந்தாம் நாள் இவர்கள் கிண்ணம் எடுத்திருக்கிறார்கள்.

இடையில் ஆகஸ்ட் 31, மலேசியச் சுதந்திர நாள். அன்று சந்திரன் குழு மொரோக்கோவிடம் 0–6 என்று தோற்றது. குறிப்பேட்டில் அந்தத் தேதிக்கு எதிரே “லீவு” என்று மட்டும் எழுதியிருக்கிறார்.