மின் கிற்றார் ஆக்கத்தில் கைவினையும் ஆலைத்தொழிலும்

கைத்தொழில் முதலிலே தோன்றிற்று. பின்னர் ஆலைத்தொழில் வந்து அதன் இடத்தைக் கவர்ந்துகொண்டது என்பது பொருளியல் வரலாற்று நூல்களிற் பெரிதும் பயின்றுவரும் கருத்தாகும். நெசவைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மையே. ஆயின், எல்லாத் தொழில்களுக்கும் இவ்வாய்பாடு பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது. இருபதாம் நூற்றாண்டிலே அமெரிக்காவிற் பிறந்து உலகெங்கும் பரவிய மின் கிற்றாரின் வரலாறு இவ்வகையில் ஊன்றி நோக்கற்பாலது. இங்கே பட்டறையை ஆலை அழித்துவிடவில்லை. பட்டறை ஆலைக்கு வழிகாட்டியது. ஆலை மீண்டும் பட்டறைக்கு வழி திறந்துவிட்டது.

மரக் கிற்றாரின் ஓசை அதன் உள்வெளியான உடலினின்று எழுவது. பித்தளை ஊதுகருவிகள் மிகுந்த நடன இசைக்குழுக்களிலே அவ்வோசை அமுங்கிப் போயிற்று. இக்குறையை நீக்க முயன்றவர்களுள் ஜோர்ஜ் பீச்சம் குறிப்பிடத்தக்கவர். காந்தப்புலத்தில் உருக்குத் தந்தி அதிரும்போது அருகிலுள்ள கம்பிச்சுருளிலே மின் தோன்றும். 1831இல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதியின்பாற்பட்டது இது. இதனைப் பயன்படுத்தி 1931இல் உருவாக்கப்பட்ட மாதிரிக் கருவியின் மரப்பகுதியைச் செதுக்கியவர் ஹரி வாட்சன் என்னும் கைவினைஞர். மறு ஆண்டிலே றிக்கன்பக்கர் என்பாரின் துணையுடன் அது அலுமினியத்தில் வார்க்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. அதன் வடிவம் நோக்கி மக்கள் அதற்கு 'பொரிக்கும் தாச்சி' எனப் பொருள்படும் பட்டப்பெயரிட்டனர்.

ஒலியைப் பெருக்கியபோது புதியதொரு சிக்கல் எழுந்தது. ஒலிபெருக்கியின் ஓசை உள்வெளியான உடலைத் தாக்கி அதனை மீண்டும் அதிரச் செய்தது, கருவி ஊளையிட்டது. உடலையே திண்மையான மரத்தால் ஆக்கின் என்ன என்ற எண்ணம் இதனாற் பிறந்தது. 1940ஆம் ஆண்டையொட்டி லெஸ் போல் என்னும் கலைஞர், நியூயோர்க்கிலிருந்த எபிபோன் தொழிற்சாலையிலே, விடுமுறை நாட்களில் தாமே ஒரு கருவியைச் செய்தார். நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டையே அதன் நடுப்பகுதி. பார்ப்போர் கிற்றாரென ஏற்கும் பொருட்டு இரு பக்கமும் பழைய கிற்றாரின் பாதிகளைப் பொருத்தினார். கிப்சன் நிறுவனம் அதனை அப்போது பொருட்படுத்தவில்லை.

1948இல் கலிபோர்னியாவிலே போல் பிக்ஸ்பி ஆக்கிய கருவி இன்னும் முக்கியமானது. மேர்ள் ட்ரவிஸ் என்னும் இசைஞர் தாம் விரும்பிய வடிவத்தை வரைந்து கொடுக்க, மோட்டார் சைக்கிள் தொழிலில் அனுபவம் பெற்ற பிக்ஸ்பி அதனை மேப்பிள் மரத்திற் செய்தளித்தார். ஆறு பிருடைகளும் ஒரே பக்கத்தில் அமைந்திருந்தமை அதன் சிறப்பு. ஆயினும் பிக்ஸ்பி கேட்போர்க்கு ஒவ்வொன்றாகச் செய்தளித்தவரே. பலருக்கு அது கிட்டவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவர் லியோ ஃபென்டர். வானொலி திருத்தும் கடை நடத்திய இவர் கிற்றார் வாசிக்க அறியாதவர். அதனாலேயே மரபின் தளையின்றிச் சிந்தித்தார் எனலாம். 1950இல் வெளிவந்து அடுத்த ஆண்டில் ரெலிகாஸ்ரர் எனப் பெயர் பெற்ற அவரது கருவி, தட்டையாக வெட்டிய மரப்பலகையாலானது. அதன் கழுத்து பசையால் ஒட்டப்படாது நான்கு திருகாணிகளாற் பூட்டப்பட்டது. பழுதுற்றால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். 1951இல் வந்த பிரிசிஷன் பேஸும் அத்தகையதே. ஆளுயர டபிள் பேஸைச் சுமந்து திரிந்த இசைஞருக்கு, 34 அங்குலத் தந்தி நீளமும், சுருதி பிசகாது வாசிக்க உதவும் மெட்டுகளுமுடைய கைக்கருவி கிடைத்தது.

திருகாணிப் பூட்டு ஆலையின் வசதிக்காகவும் திருத்துவோரின் வசதிக்காகவும் தோன்றியது. ஆயின் அதன் விளைவு ஆலையின் எல்லையைக் கடந்து சென்றது. கிற்றார் ஆக்கத்திலே மிகக் கடினமானது கழுத்து வேலை. தந்தியின் நீளத்தை 17.817ஆல் வகுத்து முதல் மெட்டை அமைத்தல் வேண்டும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுத்து அடுத்ததை அமைத்தல் வேண்டும். 34 அங்குலப் பேஸில் முதல் மெட்டு ஏறத்தாழ 48.5 மில்லிமீற்றரில் அமையும். கணக்குப் பிசகின் சுருதி பிசகும். கழுத்தும் உடலும் தனித்தனி உறுப்புகளானபின், செய்துமுடித்த கழுத்தை வாங்கி எஞ்சியதைத் தானே செய்துகொள்ளச் சாதாரண மனிதனுக்கும் இயல்வதாயிற்று.

1965இல் சீ.பீ.எஸ். நிறுவனம் 13 மில்லியன் டொலருக்கு ஃபென்டர் கொம்பனியை வாங்கியது. அதன்பின் தரம் குன்றியதென்ற குறை இசைஞரிடையே வளர்ந்தது. 1970களிலே உடல், கழுத்து, பிக்கப் ஆகியவற்றைத் தனித்தனியே விற்கும் சிறு தொழிலகங்கள் பெருகின. எடி வான் ஹேலன் அவ்வாறு வாங்கிய உடலையும் கழுத்தையும் பூட்டி, கிப்சன் பிக்கப்பொன்றை அதிற் பொருத்தி, தமக்கென ஒரு கருவியை ஆக்கினார். அவரது குழுவின் 1978ஆம் ஆண்டு இசைத்தட்டு அதனைப் புகழ்பெறச் செய்தது. மறுபுறம் கலிபோர்னியாவின் அலெம்பிக் பட்டறையினர், அரிய மரங்களும் நுண்ணிய மின்னமைப்பும் கொண்ட பேஸ் கிற்றார்களை இசைஞரின் வேண்டுகைக்கேற்ப ஆக்கினர்.

வறுமையும் கைவினைக்குத் தாயாவதுண்டு. இங்கிலாந்திலே விலைகொடுத்து வாங்க இயலாத பிரயன் மே, 1963இல் தம் தந்தையாருடன் சேர்ந்து ஒரு கிற்றாரை ஆக்கத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மரச்சட்டம் கழுத்தாயிற்று. மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்வில்கள் தந்தியை இழுக்கும் பொறிக்கு உதவின. தாயாரின் முத்துச்சிப்பிப் பொத்தான்கள் மெட்டுகளின் அடையாளப் புள்ளிகளாயின. பிற்காலத்திற் குவீன் குழுவின் இசையை உலகம் இக்கருவியின் வாயிலாகவே கேட்டது.

1985இல் சீ.பீ.எஸ். தன் உடைமையைக் கைவிட்டது. புதிய உரிமையாளரின் கீழ் ஃபென்டர் கொம்பனி 1987இல் தனிப்பட்ட வேண்டுகைக்கேற்பக் கருவியாக்கும் பட்டறையொன்றைத் தானே நிறுவியது. ஆலை தன்னுள்ளே பட்டறையை வருவித்துக்கொண்டமை வரலாற்றின் விந்தையன்று. இதுகாறும் கூறிய போக்கின் இயல்பான விளைவேயாகும்.

இன்று கணினி வழி இயங்கும் வெட்டு யந்திரங்கள் சிறு பட்டறைகளிலும் உள. ஆகவே, கையாற் செய்தது என்பதற்கு யந்திரம் தீண்டாதது என்று பொருள்கொள்ளல் பொருந்தாது. பிக்ஸ்பியும் யந்திரத்தைக் கையாண்டவரே. எவ்வாறு அமைதல் வேண்டும் என்று துணிபவரும் அதனை ஆக்குபவரும் ஒருவராதலோ, ஒருவரோடொருவர் முகம்பார்த்துப் பேசக்கூடியவராதலோதான் கைவினையின் இலக்கணம். ட்ரவிஸ் வரைந்து கொடுத்த தாளை ஏற்பதற்கு அன்று எந்த ஆலையிலும் ஆளிருந்ததில்லை. ஒரு பட்டறையில் இருந்தார். உழைப்பவனிடமிருந்து தீர்மானிக்கும் உரிமை பறிபோதலே ஆலைத்தொழிலின் பெருங்குறையென்றால், அவ்வுரிமை மீளக் கைவரவும் கூடும் என்பதற்கு இக்கருவியின் வரலாறு சான்று பகர்கின்றது.