சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டும் அதன் மறுவெளியீடும்

மும்பையின் இந்தித் திரையிசைக் குழுக்களில் கிட்டார் வாசித்தவர் சரண்ஜித் சிங். 1982-இல் அவர் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். எச்.எம்.வி. வெளியிட்ட அத்தட்டு விற்பனையாகாமல் மறக்கப்பட்டது.

அதில் யமன் (கருநாடக இசையில் கல்யாணி), மால்கௌன்ஸ் (இந்தோளம்) உள்ளிட்ட பத்து இந்துஸ்தானி ராகங்கள் உள்ளன. அவற்றை ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிட்டர்-8, டிபி-303, டிஆர்-808 ஆகிய மின்னணுக் கருவிகளில் அவர் இசைத்தார்.

2002-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த சேகரிப்பாளர் எடோ பவ்மன் டெல்லிக் கடையொன்றில் இத்தட்டைக் கண்டெடுத்தார். 2010-இல் தமது ‘பாம்பே கனெக்‌ஷன்’ நிறுவனத்தின் வழியாக அதை மீண்டும் வினைல் தட்டாக வெளியிட்டார்.

கேட்டவர்கள் வியந்தனர். சிகாகோவின் ஃபியூச்சர் குழு டிபி-303 கொண்டு ‘ஆசிட் ட்ராக்ஸ்’ தட்டை வெளியிட்டு, ‘ஆசிட் ஹவுஸ்’ இசைவகைக்கு வித்திட்டது 1987-இல்தான். ஆகவே சிங்கின் தட்டே அவ்வகையில் முதலாவது எனச் சிலர் எழுதினர். ஆயினும் சிகாகோ இசைஞர்கள் அதைக் கேட்டதற்குச் சான்றில்லை. ஒற்றுமைக்கு வேறு காரணம் உண்டு. ராக இசையில் ஆதார சுருதி மாறாது; சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிச் செல்லும். டிபி-303 கருவியும் சுரங்களை அவ்வாறே வழுக்கி ஒலிக்க வல்லது.

முன்னோடி என்ற பட்டம் விவாதத்துக்குரியது. ஆனால் மறுவெளியீட்டால் சிங் தம் முதுமையில் ஐரோப்பிய மேடைகளில் இந்த ராகங்களை வாசித்தார். அவர் 2015-இல் காலமானார்.