வாளை மறைத்த மாலை

உலகை வென்றவன் என ஒருவனைப் போற்றத் தொடங்கிவிட்டால், அவன் வென்ற நாடுகளை எண்ணுவதோடு கதாசிரியர்கள் நின்றுவிடுவதில்லை. வென்ற நெஞ்சங்களையும் எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். போர்க்களத்துக்கு ஓர் அத்தியாயம், பள்ளியறைக்கு ஓர் அத்தியாயம்! குருதிவாடை வீசாதிருக்கச் சந்தனம் பூசப்படுகிறது. மாசிடோனிய மன்னன் அலெக்சாண்டரைச் சுற்றி எழுந்த கதைகளே இதற்குச் சான்று.

இந்தக் கலப்படம் நேற்று முளைத்ததன்று. அமேசான் அரசியொருத்தி அவனால் மகப்பேறு வேண்டி வந்தாள், பதின்மூன்று நாள் உடன் மகிழ்ந்திருந்தாள் என்பது ஒரு பழங்கதை. அவனுடன் படையெடுப்பில் சென்ற ஒனேசிக்ரிட்டஸ், அமேசான் அரசி வந்த செய்தியைத் தம் நூலில் எழுதிப் பிற்காலத்தில் லைசிமாக்கஸ் மன்னனுக்குப் படித்துக் காட்டினார். அந்த லைசிமாக்கஸோ அலெக்சாண்டரின் மெய்க்காவலனாய் இருந்தவன். அவன் மெல்ல நகைத்து, அப்போது தான் எங்கே போயிருந்ததாக எண்ணம் என்று கேட்டானாம், புளூட்டார்க் கூறுகிறார். கண்டவன் நகைத்தான்; காணாதவர்கள் நம்பினார்கள்!

பின்னர் எழுந்த 'அலெக்சாண்டர் கதை' இன்னும் ஒருபடி மேலே சென்றது. எகிப்திய மன்னன் நெக்டனெபோ, மாயம் கற்றவன், கடவுள் வேடம் பூண்டு ஒலிம்பியாஸ் அரசியின் மஞ்சத்தை அடைந்தான். பிறந்த மகனே அலெக்சாண்டர் என்றது அது. வெறும் சிருங்காரமா இது? தோற்ற நாடு, தன்னை வென்றவனைத் தன் மன்னன் பெற்ற பிள்ளையாக்கி ஆறுதல் தேடிக்கொண்டது! காதற்கதைக்குள் அரசியல் ஒளிந்திருப்பதை இங்கே காண்கிறோம்.

அடுத்து, பெர்சிபோலிஸ். கி.மு. 330இல் பாரசீகத்தின் அந்த எழில்நகர் அரண்மனை எரிந்தது. மதுமயக்கத்தில் இருந்த மன்னனைத் தாயிஸ் என்னும் ஏதென்ஸ் நகரத்துக் கணிகை தூண்டினாள் என்று டயோடோரஸ், கர்ட்டியஸ், புளூட்டார்க் ஆகியோர் எழுதினர். அரியன் நூலில் தாயிஸும் இல்லை, விருந்தும் இல்லை, கி.மு. 480இல் பாரசீகர் ஏதென்ஸை எரித்ததற்குப் பழிவாங்கிய செயல் என்றே அவர் குறிக்கிறார். கதை என்ன செய்தது? கட்டளையிட்டவன் கையிலிருந்த தீவட்டியைப் பெண்ணொருத்தியின் கைக்கு மாற்றியது!

ரொக்சானாவுக்கு வருவோம். சோக்தியானா நாடு இரண்டாண்டுகள் பணியாது எதிர்த்து நின்றது. கி.மு. 327இல் அந்நாட்டுப் பிரபு ஒருவரின் மகளை அலெக்சாண்டர் மணந்தான். அவன் காதல்வயப்பட்டான் என்று பண்டையோரும் எழுதினர். அவள் உள்ளம் என்ன எண்ணியது என்று எழுதியவர் யார்? கி.மு. 324இல் சூசாவில் பாரசீக இளவரசியர் இருவரையும் மணந்தான். மறு ஆண்டில் அவன் மாண்டான். பதவிப்போட்டி மூண்டது, ஏறத்தாழ கி.மு. 310இல் ரொக்சானாவும் அவள் சிறுவயது மகனும் கசாண்டரின் ஆணையால் கொல்லப்பட்டனர். காதற்கதைகள் மணப்பந்தலோடு முடிந்துவிடுகின்றன. கொலைக்களம்வரை அவளோடு செல்ல அவற்றுக்கு மனமில்லை. 1941இல் வெளிவந்த 'சிக்கந்தர்' படமோ, அவள் போரஸ் மன்னனுக்கு ராக்கி கட்டியதாகக் காட்டியது. பண்டைய நூல் எதிலும் அச்செய்தி இல்லை.

கற்பனைக்கு நாம் பகைவரல்லர். காதலைப் பாடுவது குற்றமுமன்று. ஆனால், கி.மு. 335இல் தீப்ஸ் நகரம் அழிக்கப்பட்டபோது ஏறத்தாழ 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டனர். கி.மு. 332இல் டயர் நகரில் விற்கப்பட்டோரும் 30,000 பேர் என அரியன் கணக்குத் தருகிறார். காசாவிலோ ஆடவர் மடிந்தனர். பெண்டிரும் குழந்தைகளும் ஏலப்பொருளாயினர். இவர்களில் ஒருத்தியின் பெயரையேனும் அந்த ஏடுகளில் தேடிப் பார்க்கிறோம், கிடைக்கவில்லை.

மாணவர்க்கு வரலாறு புகட்டும் நாம், வெற்றிவீரன் அணிந்த மாலையைக் காட்டும்போதே அவன் இடையிலிருந்த வாளையும் காட்டக் கடமைப்பட்டவர்கள். அரியணைக்கருகே அமர்ந்த ஒருத்திக்காக ஆயிரம் ஏடுகள் எழுதப்பட்டுவிட்டன. சந்தையில் நின்ற ஆயிரம் பேருக்காக ஓர் ஏடாவது எழுதப்படட்டும்!