ஐயத்துக்கு விலை கொடுத்தவர்கள்: அமெரிக்க மாற்று இதழியலில் அரசு, பெருநிறுவன அவநம்பிக்கையின் வரலாறு, 1940–2022

முன்னுரை

அரசு சொல்வதையும் பெருநிறுவனங்கள் சொல்வதையும் நம்பக் கூடாது என்ற குரல் இன்று அமெரிக்க மாற்று ஊடகங்களில் இடதுசாரிகளிடமிருந்தும் எழுகிறது, வலதுசாரிகளிடமிருந்தும் எழுகிறது. 1958இல் நடந்த தேசியத் தேர்தல் ஆய்வில், வாஷிங்டன் அரசு எப்போதும் அல்லது பெரும்பாலும் சரியானதையே செய்யும் என்று 73 விழுக்காட்டினர் கூறினர். 1964இல் அது 77 ஆனது. 1980 வாக்கில் அப்படிச் சொன்னவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். இந்தச் சரிவுக்கு வியட்நாம் போரையும் வாட்டர்கேட் ஊழலையும் காரணமாகக் காட்டுவது வழக்கம். மக்கள் ஏன் நம்பிக்கை இழந்தார்கள் என்பதை அவை விளக்கும். ஆனால் அதே அவநம்பிக்கை ஓர் இதழில் ஆதாரத்தோடு கூடிய செய்தியாகவும் இன்னோர் ஊடகத்தில் அவதூறாகவும் வடிவெடுத்தது ஏன் என்பதை விளக்கா. அந்த வேறுபாட்டில் அரசியல் சார்பைவிட வருவாய் வந்த வழிக்கே பெரும் பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. சந்தாவை நம்பிய இதழ்கள்

சிகாகோ டிரிப்யூனின் வெளிநாட்டுச் செய்தியாளராக இருந்த ஜார்ஜ் செல்டெஸ் 1940இல் ‘இன் ஃபேக்ட்’ என்ற நான்கு பக்க இதழைத் தொடங்கினார். அதில் விளம்பரமே கிடையாது. புகைப்பவர்களின் ஆயுள் குறைகிறது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் பேர்ல் 1938இல் வெளியிட்ட ஆய்வைப் பெரும்பாலான நாளேடுகள் அடக்கி வாசித்தன. சிகரெட் விளம்பரங்கள் அவற்றுக்குப் பெரும் வருவாய். செல்டெஸ் அந்த ஆய்வையும் அதைச் சூழ்ந்த மௌனத்தையும் சேர்த்தே செய்தியாக்கி, 1940கள் முழுவதும் திரும்பத் திரும்ப எழுதினார். உச்சத்தில் 1,76,000 படிகள் விற்ற அந்த இதழ், கம்யூனிச அச்சம் நாட்டைப் பிடித்திருந்த 1950இல் நின்றுபோனது.

அதே வழியில் 1953 ஜனவரியில் ஐ. எஃப். ஸ்டோன் தம் வார இதழைத் தொடங்கினார். அவர் வேலை பார்த்த நாளேடு மூடப்பட்டிருந்தது. வேறு எந்தப் பத்திரிகையிலும் இடம் கிடைக்கவில்லை. நின்றுபோன பத்திரிகைகளின் சந்தாதாரர் பட்டியல்களைக் கொண்டு 5,300 பேரைத் திரட்டினார். ஆண்டுச் சந்தா 5 டாலர். கணக்கு வழக்குகளை மனைவி எஸ்தர் கவனித்துக்கொண்டார். ஸ்டோனுக்குக் காது மந்தம் என்பதால் செய்தியாளர் சந்திப்புகளைவிட நாடாளுமன்றப் பதிவேடுகளையும் குழு விசாரணைகளின் எழுத்துப்படிகளையுமே அதிகம் நம்பினார்.

அவருடைய முறையைக் காட்ட ஒரு நிகழ்வு போதும். 1957 செப்டம்பர் 19 அன்று நெவாடாவில் ‘ரெய்னியர்’ என்ற நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடந்தது. மறுநாள் நியூயார்க் டைம்ஸில், சோதனையின் அதிர்வு தொலைதூர நாடுகளில் பதிவானதாகச் சில வரிச் செய்திகள் வந்தன. ஸ்டோன் அவற்றைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு, அந்த அதிர்வு 200 மைலுக்கு அப்பால் உணரப்படவில்லை என்று அணுசக்தி ஆணையம் அறிவித்தது. சோதனைத் தடை ஒப்பந்தம் பற்றிப் பேசப்பட்டுவந்த நேரம் அது. தொலைவிலிருந்து கண்டுபிடிக்க முடியாது என்றால், சோவியத் ஒன்றியம் ஏமாற்றினாலும் தெரியவராது. ஆகவே ஒப்பந்தமே வீண் என்று வாதிக்க அந்த அறிவிப்பு கைகொடுத்தது. ஸ்டோன் பழைய நறுக்குகளை எடுத்துக்கொண்டு, மற்றோர் அரசு அலுவலகமான கடலோர, நிலவியல் அளவைத் துறைக்குப் போனார். அமெரிக்காவிலும் கனடாவிலும் அதிர்வைப் பதிவுசெய்த 19 நிலையங்களின் பட்டியல் அங்கே இருந்தது. அவற்றில் ஒன்று 2,000 மைலுக்கும் அப்பால், அலாஸ்காவில். ஆணையம் தன் அறிக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

1965இல் வியட்நாம் பற்றி வெளியுறவுத் துறை வெள்ளை அறிக்கை வெளியிட்டபோதும் இதே முறைதான். தெற்கு வியட்நாமின் கெரில்லாக்களுக்கு ஆயுதம் வெளியிலிருந்து வருகிறது என்பது அறிக்கையின் வாதம். பின்னிணைப்பில் இருந்த கம்யூனிச நாட்டு ஆயுதங்களை ஸ்டோன் கூட்டிப் பார்த்தார். மொத்தம் 179. மூன்றாண்டுகளில் கெரில்லாக்களிடமிருந்து கைப்பற்றப்பட்டவை 15,100 என்றது பென்டகனின் கணக்கு. இரண்டு எண்களும் அரசு தந்தவையே. எந்த வாசகரும் சரிபார்த்துக்கொள்ளலாம். 1971 டிசம்பரில் இதழை நிறுத்தியபோது அவருக்கு ஏறக்குறைய 70,000 சந்தாதாரர்கள் இருந்தனர்.

2. விளம்பரம் வழியே வந்த அடி

1964இல் லாஸ் ஏஞ்சலஸ் ஃப்ரீ பிரஸ், 1965இல் பெர்க்லி பார்ப் என்று இளைஞர்களின் ‘அண்டர்கிரவுண்ட்’ இதழ்கள் தோன்றின. 1967இல் அவற்றுக்குச் செய்தி வழங்க லிபரேஷன் நியூஸ் சர்வீஸ் உருவானது. இவை தெருவில் மலிவாக விற்கப்பட்டவை. செலவை ஈடுகட்ட இசைத்தட்டு நிறுவனங்களின் விளம்பரங்களைப் பெரிதும் நம்பியிருந்தன. அதே காலத்தில், கத்தோலிக்க இதழாகத் தொடங்கிய ‘ராம்பார்ட்ஸ்’, சி.ஐ.ஏ. அறக்கட்டளைகள் வழியாகத் தேசிய மாணவர் சங்கத்துக்குப் பல ஆண்டுகள் பணம் கொடுத்துவந்ததை 1967இல் அம்பலப்படுத்தியது.

அரசு இவற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எஃப்.பி.ஐ. 1956இல் தொடங்கிய ‘கோயின்டெல்ப்ரோ’ என்ற ரகசியத் திட்டம் 1968இல் புதிய இடதுசாரிகள் மீதும் பாய்ந்தது. இந்தியானா பல்கலைக்கழகத்தில் மாணவர் இயக்கத்தைக் கெடுக்க ‘அர்மகெடான் நியூஸ்’ என்ற போலி இதழையே எஃப்.பி.ஐ. நடத்தியது. 1969 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ அலுவலகம் தலைமையகத்துக்கு அனுப்பிய குறிப்பு இன்னும் முக்கியமானது. கொலம்பியா ரெக்கார்ட்ஸ் நிறுவனம் இவ்விதழ்களுக்கு விளம்பரம் கொடுப்பதை நிறுத்தச் செய்ய, அந்நிறுவனத்தில் தமக்குள்ள தொடர்புகளைப் பயன்படுத்தலாம் என்பது அதன் யோசனை. பின்னர் அந்த விளம்பரங்கள் நின்றபோது பல இதழ்கள் தள்ளாடின.

1971 மார்ச் 8 இரவு பென்சில்வேனியாவின் மீடியா என்ற ஊரில் எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் புகுந்த போர் எதிர்ப்பாளர்கள் கோப்புகளை எடுத்துச் சென்று வெளியிட்டனர். 1975–76இல் செனட்டின் சர்ச் குழு விசாரித்து, அத்திட்டத்தின் முறைகேடுகளை அதிகாரபூர்வமாகப் பதிவு செய்தது. அரசதிகாரமும் பெருநிறுவனமும் கைகோத்துத் தங்களை நெரிக்கின்றன என்று இவ்விதழ்கள் சொல்லிவந்தது வெறும் பிரமை அல்ல என்று ஆவணங்களே காட்டின. இந்த உண்மையை மறந்துவிட்டுப் பின்வந்த அவநம்பிக்கையை மனநோயாக ஒதுக்குவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

3. பெருநிறுவனத்தின் காகிதங்கள்

ராம்பார்ட்ஸில் பணியாற்றியவர்கள் சிலர் 1976இல் ‘மதர் ஜோன்ஸ்’ இதழைத் தொடங்கியபோது, இலாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்றை அதற்கு அடித்தளமாக வைத்தனர். 1977இல் மார்க் டௌவி அதில் எழுதிய கட்டுரை, ஃபோர்டு பின்டோ கார் பின்னால் இடிபட்டால் எரிபொருள் தொட்டி தீப்பிடிப்பதையும், ஓர் உயிரின் மதிப்பை 2,00,000 டாலர் என வைத்து ஃபோர்டு போட்ட செலவுக் கணக்கையும் வெளியிட்டது. 1978 ஜூனில் 15 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

அந்தக் கணக்கு பின்டோவின் வடிவமைப்புக்காகப் போடப்பட்டதன்று. கார் உருண்டு கவிழும்போது எரிபொருள் கசிவது பற்றிய பொது விதிக்காக அரசு முகமைக்கு அளிக்கப்பட்டது என்று சட்ட அறிஞர் கேரி ஷ்வார்ட்ஸ் 1991இல் சுட்டிக்காட்டினார். இதழின் வாதத்தில் ஒரு பகுதி இதனால் பலவீனமாகிறது. ஆவணத்தையே வாசகர்முன் வைத்திருந்ததால்தான் இந்தத் திருத்தம் சாத்தியமாயிற்று என்பதும் உண்மை.

ஐயம் ஊடக உரிமையாளர்கள் மீதும் திரும்பியது. 1983இல் இதழாளர் பென் பேக்டிக்கியன், அமெரிக்க ஊடகங்களின் பெரும்பகுதி 50 நிறுவனங்களின் கையில் இருப்பதாக எழுதினார். 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் உரிமைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் அந்தக் குவிப்பு வேகமெடுத்தது. 1999இல் சியாட்டிலில் உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டை எதிர்த்தவர்கள் தொடங்கிய ‘இண்டிமீடியா’, யாரும் செய்தி வெளியிடலாம் என்ற இணைய வழியைத் திறந்தது.

4. ஐயமே சரக்கானபோது

அதே 1999இல் வானொலித் தொகுப்பாளர் அலெக்ஸ் ஜோன்ஸின் ‘இன்ஃபோவார்ஸ்’ இணையதளம் தொடங்கியது. அரசும் பெருநிறுவனங்களும் பொய் சொல்கின்றன என்பதே அதன் பல்லவியும். ஆனால் அதன் வருவாய் பெரிதும் ஊட்டச்சத்து மாத்திரைகளையும் பேரிடருக்கான சேமிப்பு உணவையும் விற்றதிலிருந்து வந்தது. 2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அது நாடகம் என்று ஜோன்ஸ் பல ஆண்டுகள் சொல்லிவந்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரை நடிகர்கள் என்று நம்பியவர்கள் அவர்களைத் துரத்தித் துரத்தி மிரட்டினர். 2022 அக்டோபரில் கனெக்டிகட் நடுவர் குழு ஏறக்குறைய 96.5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது.

ஸ்டோனின் சந்தாதாரர் 5 டாலர் கொடுத்தது ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள. நில அதிர்வுப் பட்டியல் கிடைத்ததும் அந்தக் கேள்வி தீர்ந்தது. இதழ் அடுத்த கேள்விக்குப் போனது. பேரிடர் உணவு விற்பவருக்கோ எந்தக் கேள்வியும் தீரக் கூடாது. அச்சம் தணிந்தால் விற்பனையும் தணியும். சவப்பெட்டிகளும் இறப்புச் சான்றிதழ்களும் கண்முன் இருந்தும் அங்கே ஐயம் நீடித்ததற்கு இந்தப் பொருளாதாரம் ஒரு முதன்மையான காரணம்.

முடிவுரை

இந்த எண்பதாண்டு வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, அவநம்பிக்கைக்கு மெய்யான அடிப்படை இருந்தது. அரசே தன் கோப்புகளில் அதை எழுதி வைத்திருந்தது. இரண்டாவது, சந்தா மட்டுமே நேர்மைக்கு உத்தரவாதமன்று, விளம்பரம் மட்டுமே வீழ்ச்சிக்குக் காரணமுமன்று; ஒரு கேள்வி தீர்ந்துபோனால் ஊடகத்தின் வருவாய்க்கு நட்டமா என்பதே முக்கியம். மூன்றாவது, செல்டெஸும் ஸ்டோனும் டௌவியும் எழுதியவற்றை வாசகர் மறுத்துப் பார்க்க முடிந்தது. சில இடங்களில் மறுக்கவும்பட்டன. மாற்று ஊடகம் எதையும் மதிப்பிட விரும்பும் ஆய்வாளர் அதன் அரசியல் சார்பைக் கேட்பதற்கு முன் அதன் கணக்குப் புத்தகத்தையும், அது வாசகரிடம் தரும் ஆவணத்தையும் கேட்க வேண்டும். அதிகாரத்தின் மீது ஐயம் கொள்வது குடியாட்சியில் குடிமக்களின் கடமை. அந்தக் கடமையை விற்பனைச் சரக்காக்கியவர்களிடமிருந்து அதை மீட்பது, மாற்று இதழியலை நேசிக்கும் நமது பொறுப்பு.