நாய்த்தலை மனிதர்களும் பகடையும்: கற்பனை உலகங்களில் அந்தமான்

‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ ஆட்டத்தில் ஆர்க்குகளும் டிரோக்களும் பிறப்பாலேயே தீயவர்களாகச் சித்திரிக்கப்படுவதை மாற்றப்போவதாக அதன் வெளியீட்டு நிறுவனம் 2020 ஜூனில் அறிவித்தது. ரசிகர்களிடையே அன்று மூண்ட சண்டை இன்னும் முழுமையாக அடங்கவில்லை. 2024இல் வெளியான ஆட்டக்காரர் கையேட்டில் ‘இனம்’ என்ற சொல்லே நீக்கப்பட்டு, உயிரியலார் ஆளும் ‘சிற்றினம்’ என்ற சொல் அவ்விடத்தைப் பிடித்தது. ஒரு தரப்பு இதை நெடுநாள் தாமதமான நீதி என்றது. மறு தரப்பு, ஆர்க்கைப் பார்த்ததும் உங்களுக்கு உண்மையான மக்கள்கூட்டம் ஒன்று நினைவுக்கு வருகிறதென்றால் கோளாறு உங்கள் பார்வையில்தான் இருக்கிறது என்றது. இரண்டாவது வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதே என் எண்ணம். எல்லா அரக்கர்களும் யாரோ ஒருவரின் மாறுவேடம் என்று படிப்பது சோம்பேறித்தனமான விமரிசனம். ஆனால் இந்த விவாதம் முழுவதும் அமெரிக்க இனவரலாற்றின் எல்லைக்குள்ளேயே நடந்தது. வங்கக் கடலின் ஆவணங்கள் வேறொரு திசையைக் காட்டுகின்றன. இங்கே உண்மையான மக்களே முதலில் அரக்கர்களாக எழுதப்பட்டார்கள். அவர்களைப் பற்றிய இனவரைவியல் அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் எழுதப்பட்டது.

பொ.ஆ. 851இல் தொகுக்கப்பட்ட அரபுக் கடலோடிகளின் குறிப்பில் அந்தமானியர் வருகிறார்கள். மனிதரைத் தின்பவர்கள், ஆடையற்றவர்கள், பாதம் ஒரு முழ நீளம் உடையவர்கள் என்று அது வருணிக்கிறது. அவர்களிடம் மரக்கலம் இல்லை, இருந்திருந்தால் அவ்வழியே செல்வோர் அனைவரையும் தின்று தீர்த்திருப்பார்கள் என்றும் சொல்கிறது. பக்கத்துணைக் கட்டை பூட்டிய தோணிகளில் கடல் ஆமை வேட்டையாடிய மக்களைப் பற்றிய வருணனை இது! பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே திரும்பிய மார்க்கோ போலோ, ‘அங்கமனைன்’ தீவினருக்கு நாயின் தலையும் நாயின் பல்லும் இருப்பதாகக் கூறினார். அவர் அங்கே கால் வைத்ததற்கான சான்று ஏதும் அவர் நூலில் இல்லை. நாய்த்தலை மனிதர் என்பது கிரேக்க மரபிலேயே இருந்த உருவம். புதிய தீவு கிடைத்ததும் பழைய முகமூடி அதன்மேல் பொருத்தப்பட்டது.

தமிழ் மரபும் இதற்கு விலக்கன்று. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் உடைந்து, ஆடையற்ற நக்கசாரணர் வாழும் மலைநாட்டில் கரையேறுகிறான். அவர்கள் நரமாமிசம் உண்பவர்கள். அவர்களுடைய தலைவனைக் காப்பியம் விலங்குக்கு இணையாகவே காட்டுகிறது. அந்நிலத்தை நிக்கோபாருடன் இணைத்துப் பேசிய ஆய்வாளர்கள் உண்டு; உறுதியாகச் சொல்ல இடமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சாதுவன் உயிர் பிழைப்பது வாளால் அன்று, அவர்களுடைய மொழியை அறிந்திருந்ததால். கொல்ல வந்தவர்கள் அவன் பேசியதும் நின்றுவிடுகிறார்கள். அறம் போதிக்கும் உரிமை வந்தவனுக்கே உண்டு என்ற மேட்டிமை அக்காதையில் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் அரக்கனுக்கு ஒரு மொழி உண்டு, அதைக் கற்க முடியும் என்ற எண்ணம் அரபுக் குறிப்பிலும் இல்லை, மார்க்கோ போலோவிடமும் இல்லை. (1960 முதல் தினத்தந்தியில் வரும் ‘கன்னித்தீவு’ நம்முடைய மிக நீண்ட கற்பனைத் தொடர். அதன் நாயகன் சிந்துபாத், மேலே சொன்ன அரபுக் கடலோடிகளின் கதையுலகிலிருந்து வந்தவன் என்பதை எத்தனை வாசகர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்கள்?)

வெகுசன இலக்கியத்தில் இந்த உருவத்தை நிலைநிறுத்தியவர் ஆர்தர் கோனன் டாயில். 1890இல் வெளியான ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலின் டோங்கா, அந்தமானிலிருந்து லண்டனுக்கு வந்த குள்ள உருவம். ஊதுகுழலால் நச்சு முள் எய்து கொல்பவன். ஹோம்ஸ் ஒரு புவியியல் அகராதியை எடுத்து, அந்தமானியரின் கொடூரத்தைப் பற்றி வாட்சனுக்கு வாசித்துக் காட்டுகிறார். துப்பறிவாளன் கையில் இருப்பதால் அது சான்றாகிவிடுகிறது. ஆனால் அந்தமானியர் பயன்படுத்தியது வில்லும் அம்பும்தான், ஊதுகுழல் அன்று. நாவல் வெளிவருவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, தீவுகளில் அதிகாரியாக இருந்த இ.எச். மேன், நரமாமிசக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று எழுதிவிட்டார். இறந்த உறவினரின் எலும்புகளையும் மண்டையோட்டையும் துக்கத்தின் அடையாளமாக உடலில் அணியும் வழக்கம் அவர்களிடம் இருந்ததை ராட்கிளிஃப்-பிரவுனின் 1922ஆம் ஆண்டு நூலும் விரிவாகப் பதிவு செய்கிறது. கப்பலிலிருந்து பார்த்தவன் கண்ணில் இழவுச் சடங்கு விருந்தாகத் தெரிந்திருக்கலாம்.

டாயில் எழுதிய காலத்தில் தீவுகளில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1858இல் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டபோது ஆயிரக்கணக்கில் இருந்த பெரும் அந்தமானியர், தட்டம்மை, மேகநோய் போன்ற தொற்றுகளால் அழிந்துகொண்டிருந்தார்கள். 1961 கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 19 பேர். 1880இல் மாரிஸ் விடல் போர்ட்மன் வடக்கு சென்டினல் தீவிலிருந்து ஒரு முதிய இணையரையும் நான்கு குழந்தைகளையும் பிடித்து போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். முதியவர்கள் இருவரும் நோயுற்று இறந்தனர். குழந்தைகள் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களோடு எந்த நோய் சென்றது என்பதை எந்த ஆவணமும் சொல்லாது. லண்டன் வாசகர் டோங்காவின் நச்சு முள்ளுக்கு அஞ்சிய பத்தாண்டுகளில், நஞ்சு எதிர்த்திசையில்தான் பயணம் செய்தது.

மேசை ஆட்டத்துக்கு வருகிறேன். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ஆட்டம் ஊட்டம் பெற்றது பரோஸ், ஹவர்டு, லவ்கிராஃப்ட் போன்றோரின் மலிவுப் பதிப்பு மரபிலிருந்து. டோங்காவின் உறவினர்கள் அம்மரபில் ஏராளம். 1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த தொடக்கநிலை விதிநூல், கோபால்ட்டை நாயை ஒத்த, தீய, குள்ள மனிதன் என்று வருணிக்கிறது. இது அங்கமனைனின் நேர் வாரிசு என்று நான் வாதிடவில்லை. ஆயினும் உருவம், உணவு, பகை ஆகியவற்றை நான்கு வரியில் அடக்கி ஒரு கூட்டத்தை முழுமையாக அறிந்துவிட்டதாகக் கருதும் அந்த எழுத்து வடிவம், 851ஆம் ஆண்டுக் குறிப்பிலும் ஹோம்ஸின் அகராதியிலும் அரக்கர் பட்டியலிலும் ஒன்றேதான்.

அதே விதிநூலில் ரசிகர்கள் பலரும் மறந்துவிட்ட ஒரு விதி உண்டு. அரக்கரை எதிர்கொண்டவுடன் ஆட்டநடத்துநர் இரண்டு பகடைகளை உருட்டிப் பார்க்கலாம். 2 விழுந்தால் உடனடித் தாக்குதல், 12 விழுந்தால் நட்பு, இடையிலுள்ள எண்களுக்கு ஐயமும் தயக்கமும். கோபால்ட்டோடும் பேசலாம்! இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி இதுவே. சாதுவன் காதையை இந்த விதியைக் கொண்டு அப்படியே ஆடிக்காட்ட முடியும்.

இணையத்தின் மீம் பண்பாடு இந்த விதியை விட்டுவிட்டு வருணனையை மட்டும் எடுத்துக்கொண்டது. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் வடக்கு சென்டினலில் கொல்லப்பட்டபின், அத்தீவினர் வெல்ல முடியாத ‘இறுதி எதிரி’யாக மீம்களில் உலவினர். பலர் இதைப் பாராட்டாகவே செய்தார்கள். ஆனால் வெல்ல முடியாதவர்கள் என்பதும் ஓர் அரக்கர் வருணனைதான். 2011 கணக்கெடுப்பில் தொலைவிலிருந்து எண்ணப்பட்டவர்கள் 15 பேர். ஒரு சளிக்காய்ச்சலுக்குத் தாங்காத கூட்டமாக அது இருக்கக்கூடும். சாவைப் படகில் அழைத்துச் சென்ற உள்ளூர் மீனவர்கள் கைதானது எந்த மீமிலும் இடம்பெறவில்லை. 2025 மார்ச் இறுதியில் அமெரிக்கர் ஒருவர் தேங்காயும் குளிர்பானக் குவளையும் எடுத்துக்கொண்டு அதே தீவில் இறங்கி, காணொளியும் எடுத்துத் திரும்பி, கைதானார். 1956 முதல் தொல்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை நடப்பிலிருக்கும் பகுதியில் நிகழ்ந்த குற்றம் இது. அவருக்கோ அது ஒரு சாகசப் பயணம்.

தேங்காய் அங்கே முன்பே சென்ற பொருள். 1991 ஜனவரியில் மதுமாலா சட்டோபாத்யாய் இடம்பெற்ற மானிடவியல் குழு மிதக்கவிட்ட தேங்காய்களைச் சென்டினலியர் நீரில் இறங்கி எடுத்துக்கொண்டார்கள். பகடையில் 12 விழுந்த நாள் எனலாம். அந்தப் பயணங்களை அரசு 1990களின் நடுப்பகுதியில் நிறுத்திக்கொண்டது. விதிநூல்களில் அதற்கு இணையான விதி எதையும் நான் கண்டதில்லை. வீரர்கள் தீவில் இறங்கினால்தான் ஆட்டம் தொடங்கும். அருகிலிருக்கும் ஜாரவாக்களோ 1997 வாக்கில் தாமாகவே வெளியுலகோடு பழகத் தொடங்கினார்கள். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது.